கேட்காமல் நேர்ந்துகொண்ட கால்

ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில், டிக்கெட் கவுன்டருக்கும் சாமான் அறைக்கும் நடுவே ஒரு ஷூ ரிப்பேர் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் வேண்டும், அவ்வளவுதான் இடம். ஆணியம்மா கடை என்று கேட்டால் ஸ்டேஷனில் எல்லோரும் கை காட்டுவார்கள். வேலை செய்யும்போது நாலைந்து சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பாள். அதனால் வந்த பெயர். அதில் அவளுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் சட்டென்று இரண்டு ஆணியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அப்புறம் யார் வந்து கேட்டாலும் "ம்ம்", இல்லாவிட்டால் "ம்ஹூம்".

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆணியம்மாவின் வாயில் மூன்று ஆணி இருந்தது. எதிரே, ஷூ மாட்டிப் பார்க்கிற ஸ்டூலில், சம்பந்தி.

"வாய்ல இருக்கறதை எடுத்துட்டுப் பேசுங்க சம்பந்தி. மலைப் பாதையா, ஆத்துப் பாதையா? எத்தனை தடவை கேக்கறது?"

"ம்ம்."

"ம்ம்னா மலையா?"

"ம்ஹூம்."

"அப்ப ஆறா?"

ஆணியம்மா மூன்றையும் உள்ளங்கையில் துப்பினாள். "கடலோரப் பாதைன்னு ஒண்ணு இருக்கே, அதை ஏன் விட்டுட்டீங்க?"

"முந்நூத்திப் பத்து கிலோமீட்டர். அதுல நடந்தா நாம போய்ச் சேர்றப்ப அடுத்த வருஷத்து இலையும் உதிர்ந்து முடிஞ்சிருக்கும்."

சம்பந்திக்கு எதைச் சொன்னாலும் எண்ணோடு சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இதே ஸ்டேஷனில், மேல் மாடிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள் அவள். ஆணியம்மா கடை போட்ட நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்கிறாள். முகத்தைப் பார்த்தது மூன்று வருஷத்துக்கு முன்புதான். மகள் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அம்மாவாக அவள் வாசலில் வந்து "வணக்கம்" என்றதும், ஆணியம்மா தன்னை மறந்து, "அட, மூணாவது பிளாட்பாரம்!" என்று சொல்லிவிட்டாள். அதற்காக இரண்டு வருஷத்துக்கும் மேல் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை.

பேச வைத்தது ஆஸ்பத்திரி. போன குளிர்காலத்தில் மகள் சைக்கிளில் தபாலாபீசுக்கு வேலைக்குப் போகும்போது ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டது. இடது காலில் நாலு இடத்தில் முறிவு. "உயிருக்கு ஒண்ணும் இல்ல, நடக்கறதைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆணியம்மா அந்த நடைவழியில் எழுந்து நின்று, கும்பிட்ட கையை இறக்காமல், நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்: "அவ எழுந்து நடந்தா போதும். அடுத்த இலை உதிர்ற காலம் முடியறதுக்குள்ள நானும் இந்த அம்மாவும் எங்க வாசல்ல இருந்து உன் வாசல் வரைக்கும் நடந்தே வர்றோம்!"

இந்த அம்மா என்று அவள் காட்டியது, பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த சம்பந்தியை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் இரண்டு காலோடு இன்னும் இரண்டு கால் சேர்ந்தால் வேண்டுதலுக்குக் கனம் கூடும் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது, அவ்வளவுதான். சம்பந்தியும் மறுக்கவில்லை. அந்த இடத்தில் யார்தான் மறுப்பார்கள்?

மகள் நடந்துவிட்டாள். முதலில் ஊன்றுகட்டைகளோடு, அப்புறம் ஒரு கைத்தடியோடு, இந்த இரண்டு மாதமாக ஒன்றும் இல்லாமல். இனி சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டியது ஆணியம்மா. நாலு காலும் நடந்து போய்ச் சேர வேண்டும். மூன்று போய் ஒன்று நின்றுவிட்டால், அது எதற்குக் கணக்காகுமோ, கூட்டி ஒட்டிய அந்த எலும்புக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம். இதை வெளியே சொன்னால் மகள் சிரிப்பாள். அதனால் சொல்லவில்லை.

கோயில் மலைக்கு அந்தப் பக்கம். மலைப் பாதை நேராக ஏறி இறங்குகிறது, பதினோரு நாள். ஆற்றுப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாகவே போகிறது. ஏற்றமில்லை, ஆனால் இருநூற்று நாற்பது கிலோமீட்டர், பதினைந்து நாள். எந்தப் பாதையானாலும் வழியில் இருக்கிற யாத்திரிகர் விடுதிகளை அடுத்த மாதக் கடைசியில் பூட்டிவிடுவார்கள். அப்புறம் பனி.

"மலையே போவோம்" என்றாள் சம்பந்தி. "பதினஞ்சாம் தேதி கிளம்பினா இருபத்தஞ்சாம் தேதி மதியம் ஒண்ணரை மணிக்குக் கோயில் வாசல்."

"ஒண்ணு முப்பத்திரண்டுன்னு சொல்லலையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"நான் எங்க கிண்டல் பண்ணேன்? உங்களுக்கு மலைதான் இஷ்டம்னா மலை."

"எனக்கு இஷ்டமா? உங்களுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

"நீங்க எது சொன்னாலும் எனக்கு வசதிதான் சம்பந்தி."

"சரி, அப்ப மலை" என்று சம்பந்தி எழுந்தாள். ஒரு துணிப்பையிலிருந்து தன் நடை ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அடி மாத்திக் குடுத்துடுங்க. மலைக்குத் தாங்கற மாதிரி. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

அவள் போனதும் ஆணியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டாள். அறுபத்திரண்டு வயதில் மலை ஏறிக் காட்டுவார்களாம். ஆற்றோரமாகப் போனால் அந்தஸ்து குறைந்துவிடும்போல. 'என்னால முடியாது' என்று தன் வாயால் சொல்ல வைக்கத்தான் இந்த மலை என்று ஆணியம்மா முடிவு கட்டிவிட்டாள். சொல்லப் போவதில்லை. உயிர் போனாலும் சொல்லப் போவதில்லை.

அந்த வேகத்திலேயே ஷூவைத் தலைகீழாகத் திருப்பினாள். திருப்பினவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

இதே ஷூவுக்கு ஏழு மாதத்துக்கு முன்னால் அவள்தான் குதிகால் மாற்றிக் கொடுத்தாள். வலது குதிகால் வெளிப்பக்கம் கரைந்து, உள்ளே இருக்கிற அட்டை தெரிந்தது. இடது குதிகாலோ அன்றைக்கு ஒட்டிக் கொடுத்ததுபோல, ரப்பரில் வார்த்த எழுத்து கூட அழியாமல் இருந்தது. ஆனால் இடது ஷூவின் மூக்கு தரையில் உரசி உரசி வெளுத்துப்போயிருந்தது.

ஆணியம்மாவுக்கு ஆளைப் பார்க்க வேண்டாம், அடியைப் பார்த்தால் போதும். யார் அவசரக்காரர், யார் சுமை தூக்குகிறவர், யாருக்கு எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிடுவாள். இந்த அடி சொன்னது ஒன்றுதான். இந்த அம்மா இடது காலை ஊன்றுவதே இல்லை, இழுத்துக்கொண்டு போகிறாள். முட்டியில் வலி என்றால் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். இது இடுப்பு. நேற்று இன்றைக்கு வந்ததும் இல்லை.

"கடவுளே, இந்தக் காலையா நான் நேர்ந்துகிட்டேன்?" என்று ஷூவைப் பார்த்துக் கேட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் தபாலாபீஸ் விட்டு வந்தாள். தினமும் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு ரயில் ஏறுவாள்.

"ஏன்டி, உங்க அத்தை வீட்டுல எப்படி நடக்கறாங்க?"

"எப்படி நடப்பாங்க? காலாலதான்."

"வாயைக் குறைடி. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மகள் யோசித்தாள். "படி ஏறும்போது என்னை முன்னாடி போகச் சொல்றாங்க. எனக்குத் துணைக்குப் பின்னாடி வர்றாங்கன்னு நினைச்சேன்."

"துணையும் இல்ல, தூணும் இல்ல. நீ பாத்துடக் கூடாதுன்னு பின்னாடி வர்றாங்க. இங்க பாரு." ஷூவைக் காட்டினாள். மகள் ஷூ தைக்கிறவளின் மகள். இரண்டு விநாடியில் அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அம்மா! இந்தக் காலை வச்சுக்கிட்டா மலைக்குப் போறேங்கறாங்க?"

"அதுதானே எனக்கும் புரியல."

"கேட்டுடும்மா நேரா."

"கேக்கறதா? சம்பந்திகிட்டயா? 'உங்களுக்குக் கால் சரியில்லையாமே'ன்னா? நாளைக்கே என் பொண்ணு காலைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை சொன்னா நான் தாங்குவேனா?"

"அப்ப வேண்டுதலை விட்டுடுங்க. நான்தான் நடக்கறேனே. இதைவிடச் சாமிக்கு என்ன வேணும்?"

ஆணியம்மா கையை நீட்டி இரண்டு ஆணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"ம்... வச்சுக்க வச்சுக்க" என்று மகள் பையைத் தூக்கினாள். "எங்க அத்தை சொல்றது சரிதான். உன்கிட்டப் பேசறதுக்கு அந்த மைக்கே மேல்."

மகள் போன பிறகு ஆணியம்மா ஒரு ஷூ டப்பா மூடியைத் திருப்பி, பென்சிலால் எழுதிப் பார்த்தாள். இப்படிப்பட்ட இடுப்புக்கு மலை ஆகாது. ஏறினால்கூட இறங்க முடியாது. ஆற்றோரமே சரி. அதிலும் ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நடுவில் இரண்டு நாள் காலை நீட்டிப் படுக்க வேண்டும். இருபத்துமூன்று நாள். பதினைந்தாம் தேதி கிளம்பினால் வழியிலேயே விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். ஆறாம் தேதி கிளம்ப வேண்டும். ஆறாம் தேதி என்பது வருகிற திங்கட்கிழமை.

தலை நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். குளிர் தொடங்குகிற இந்த ஐந்து வாரம்தான் ஊரில் உள்ள அத்தனை பேரும் பரணிலிருந்து பூட்ஸை இறக்கிக்கொண்டு வருகிற நேரம். மூன்று தட்டிலும் சீட்டு ஒட்டிய பூட்ஸ் நெருக்கியடித்து நின்றது. தரையில் வேறு ஒரு வரிசை. இந்த நேரத்தில் கடையைப் பூட்டினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். வருஷம் பூராவும் அவள் வாடகைக்கு நம்பியிருப்பது இந்த ஐந்து வாரத்தைத்தான்.

ஆனால் கையைக் காட்டி நேர்ந்துகொண்டது அவள். அந்த அம்மா கேட்டுக்கொள்ளவில்லையே.

இடது ஷூவின் உள் அட்டையை மெதுவாகப் பிரித்தாள். அந்தக் குதிகால் தரையைத் தொடட்டும் என்று அரை விரல் கனத்துக்கு ஒரு கார்க் துண்டைக் குதிகாலுக்கு அடியில், முன்பக்கம் சரிவாகச் சீவி, வைத்து ஒட்டினாள். மேலே அட்டையைப் பழையபடி மூடினாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மலைக்கான கெட்டி அடிக்குப் பதில் சமவெளிக்கான மெத்தென்ற அடியை எடுத்தாள்.

வியாழக்கிழமை ஒலிபெருக்கியில் ஒரு மணி ஐம்பத்தெட்டுக்குச் சம்பந்தியின் குரல் நின்றது. இரண்டு மணிக்கு லிப்ட் மணி அடித்தது. படி பதினான்குதான், போன வருஷமெல்லாம் படியில்தான் இறங்கி வருவாள்.

ஆணியம்மா தயாராக இருந்தாள். நேற்றெல்லாம் வேலையோடு வேலையாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

"வாங்க சம்பந்தி. ஷூ ரெடி. ஆனா ஒரு சங்கடம். மலை எனக்கு ஒத்துவராதுபோல இருக்கு. முட்டி." முகத்தைக் கோணிக்கொண்டு முட்டியைத் தடவினாள்.

"எந்த முட்டி?"

"வலது."

"தடவறது இடது."

ஆணியம்மா குனிந்து பார்த்தாள். இடதுதான். "ரெண்டும்தான்" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை இல்லாத முட்டி வலி வியாழக்கிழமை ரெண்டு முட்டியிலயும் வந்துருச்சா?"

"வயசாச்சுல்ல?"

சம்பந்தி ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். எழுந்து நின்றாள். நின்றவள் நகரவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை மாற்றி நின்று பார்த்தாள். கடை வாசலிலிருந்து டிக்கெட் கவுன்டர் வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தாள். வந்து ஸ்டூலில் உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது என் ஷூ இல்ல."

"உங்களுதுதான்."

"இதுக்குள்ள என்ன வச்சீங்க?"

ஆணியம்மாவின் கை ஆணி டப்பா பக்கம் போனது. சம்பந்தி டப்பாவை எட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு வாயால பேசுங்க."

"கார்க்" என்றாள் ஆணியம்மா. "அரை விரல். உங்க இடது குதிகால் ஏழு மாசமா தேயவே இல்ல சம்பந்தி. மூக்குதான் தேஞ்சிருக்கு. எனக்கு ஷூ பொய் சொல்லாது."

ஒலிபெருக்கியில் யாரோ புதுக் குரல், இரண்டு பத்து வண்டி ஐந்து நிமிஷம் தாமதம் என்றது. வழக்கமாக அதைத் திருத்தாமல் விடாத சம்பந்தி அன்றைக்குக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை நீங்க இங்கிருந்து எழுந்து போனதுல இருந்து. டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். புது வருஷம் பிறந்ததும் ஆபரேஷன் வச்சுக்கலாம்னார். அதுவரைக்கும் சமதரையில நட, நல்லதுதான், மலை பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதேன்னார்."

"அப்புறம் எதுக்கு மலை மலைன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

"ஒத்தக் கால்லதான் நிக்க முடியுது" என்றாள் சம்பந்தி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் சம்பந்தியின் கண் கலங்கியிருந்தது.

"மலைன்னா பதினோரு நாள். வலி பதினோரு நாளோட முடிஞ்சிடும்னு பாத்தேன். ஆத்துப் பாதையில என் நடைக்கு இருபது நாளுக்கு மேல ஆகும். சீசன்ல உங்க கடையை அத்தனை நாள் மூடுங்கன்னு எந்த வாயால சொல்றது? மகன் சம்சாரத்தோட அம்மாகிட்ட?"

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்னை மட்டம் தட்டத்தான் மலையைப் பிடிச்சீங்கன்னு."

"மூணாவது பிளாட்பாரம்னு கூப்பிட்டவங்களை மட்டம் தட்ட ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனா அதுக்காக மலை ஏற மாட்டேன்."

ஆணியம்மா டப்பா மூடியை எடுத்து முன்னால் வைத்தாள். "இருபத்துமூணு நாள். ஆறாம் தேதி கிளம்பறோம்."

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வரி வரியாகப் படித்தாள். அப்புறம் அலமாரியைப் பார்த்தாள். தரையில் நின்ற வரிசையையும் பார்த்தாள்.

"இதெல்லாம்?"

"ராப்பகலா உக்காந்தா பாதி முடியும். மீதியைத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"வேண்டாம் சம்பந்தி. நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் கடைசி நாள் பஸ்ல வந்து கோயில் வாசல்ல உங்களோட சேர்ந்துக்கறேன். சாமி என்ன குதிகாலைத் திருப்பியா பாக்கப் போகுது?"

"சாமி பாக்குதோ இல்லையோ, நான் பாப்பேன்" என்றாள் ஆணியம்மா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு என்னோடது. உங்களைக் கேக்காம உங்க காலையும் சேர்த்து நேர்ந்துகிட்டேன். நீங்க வரலைன்னா நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம பொண்ணு ஒவ்வொரு தடவை கால் பிசகும்போதும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அதுக்குப் பயந்துதான் கேக்கறேன். முதல் தடவையா இப்பதான் கேக்கறேன். வர்றீங்களா?"

சம்பந்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள், இந்தத் தடவை இறுக்கி.

"நீங்க அன்னைக்குக் கையைக் காட்டினப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. 'யாரைக் கேட்டு'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் பாத்தா, நான் மனசுக்குள்ள அந்த வேண்டுதலையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா நான் உங்களைச் சேர்த்துக்கல. என் ரெண்டு காலை மட்டும்தான் சொன்னேன்." எழுந்தாள். "அதனால என்னை வரச் சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்ல, வர மாட்டேன்னு சொல்ல எனக்கும் உரிமை இல்ல. விடுதிகளுக்கு நான் போன் பண்ணிடறேன். இருபத்துமூணு நாள், இருபத்தொரு விடுதி. ரெண்டு எடத்துல ரெண்டு ராத்திரி தங்கறோம். சரியா?"

"சரியாத்தான் இருக்கும். நீங்க சொன்னா அந்த வண்டி வந்துதானே ஆகணும்?"

மறுநாள் காலை எட்டு மணி நெரிசலில் ஸ்டேஷன் முழுக்க அந்தக் குரல் கணீரென்று கேட்டது: "பயணிகளின் கவனத்திற்கு. கீழ்த்தள ஷூ ரிப்பேர் கடை வரும் திங்கட்கிழமை முதல் மாதக் கடைசி வரை மூடப்பட்டிருக்கும். கடையில் பூட்ஸ் கொடுத்தவர்கள் சனிக்கிழமைக்குள் பெற்றுக்கொள்ளவும். கடை மீண்டும் திறக்கும். மீண்டும் சொல்கிறேன், கடை மீண்டும் திறக்கும்."

மேலதிகாரி கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினாராம். "பயணிகளோட காலைப் பத்தின அறிவிப்புதானே சார்" என்று சம்பந்தி சொன்னாளாம். இரண்டு நாளும் கடை வாசலில் வரிசை நின்றது. சிலர் பூட்ஸை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர், "நீங்க வந்தே தைங்க, பழசைப் போட்டுக்கறேன்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் முதுகை ஆணியம்மா பார்க்கவில்லை, வேலை இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆணியம்மா வீட்டு வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். மகள் இரண்டு பையையும் தூக்கிப் பார்த்து, "அம்மா, இதுல சுத்தியல் எதுக்கு?" என்றாள்.

"வழியில யாருக்காவது ஆணி அடிக்க வேண்டி வரும்."

"அத்தை, இதைக் கொஞ்சம் கேளுங்க!"

"விடும்மா. நான் கால அட்டவணையை எடுத்து வச்சிருக்கேன், அதை மட்டும் நீ பாக்காதே."

மகள் தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். முன்னால் போகச் சொல்லி இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அவளாகவே இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாள். முனையில் நின்றுகொண்டாள். மரங்களில் பாதி இலைதான் மிச்சம் இருந்தது. நடைபாதையெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்றாள் ஆணியம்மா.

"ஏன், பக்கத்துல வந்தா என்ன?"

"உங்க குதிகாலைப் பாக்கணும்."

சம்பந்தி முன்னால் நடந்தாள். ஆணியம்மா பத்தடி விட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஈர இலையில் பதிகிற தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலது. இடது. வலது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்று சம்பந்தி திரும்பாமலே கேட்டாள். "வாய்ல ஆணியா?"

"இல்ல."

"அப்ப சொல்லுங்க. விழுதா?"

ஆணியம்மா இன்னும் நாலு தடம் பார்த்தாள். இடது பக்கம் குதிகாலின் பிறை, மெல்லியதுதான், ஆனால் ஒவ்வொரு தடத்திலும் இருந்தது.

"விழுது" என்றாள். "மெதுவா போங்க. இருபத்துமூணு நாள் இருக்கு."